புதுப்பிப்பு: ஆராய்ச்சி மானியங்களும் நிதிப்பிரிவும்

கொழும்பிலுள்ள எமது பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி அலுவலகத்தைப் பொறுப்பேற்றபோது, மானியப் பணம் கணக்கில் சேர்ந்த பின்னரும் ஆய்வாளரின் கைக்கு எட்டாமல் கோப்புகளுக்கிடையே தேங்கி நிற்பதை எவ்வாறு தீர்க்கலாம் என இங்கே கேட்டிருந்தேன். விண்ணப்பம் எழுதும் கட்டத்திலேயே நிதிப்பிரிவின் தலைவரான நிதியாளரின் அலுவலகத்தைச் சேர்த்துக்கொள்ளும்படி பலர் எழுதியிருந்தீர்கள், அதையே செய்தோம்.

இப்போது ஆய்வு மானியம் வழங்கும் தேசிய விஞ்ஞான மன்றத்துக்கோ வெளிநாட்டு நிறுவனத்துக்கோ போகும் எந்த வரவுசெலவுத் திட்டமும் உதவி நிதியாளர் ஒருவர் பார்த்த பின்னரே என் மேசைக்கு வருகிறது. ஆரம்பத்தில் பேராசிரியர்கள் முகஞ்சுளித்தார்கள் (கடைசி நாள் மாலையில் கையொப்பம் கேட்கும் வழக்கம் எளிதில் விடுமா?). ஆயினும் பெரிய பலன் ஆய்வுப் பொருட்களின் கொள்வனவில்தான் கிடைத்தது. உலர்பனியில் பொதிந்து வரும் நொதியங்கள், சுங்கத் தீர்வை விலக்குக் கடிதம் கிடைக்கும்வரை கட்டுநாயக்க விமான நிலையச் சரக்கு முனையத்தில் கிடந்து, நீண்ட வார இறுதியொன்றில் பனி முழுவதும் ஆவியாகிவிட, பயனற்றுப் போவதுண்டு. இப்போது கொள்வனவுக் கட்டளை அனுப்பும் அன்றே அக்கடிதத்துக்கான கோப்பும் திறக்கப்படுகிறது. போயா (பௌர்ணமி) விடுமுறையை ஒட்டிப் பொதி வந்திறங்காதவாறு வழங்குநரிடம் எழுத்து மூலம் கேட்டுக்கொள்கிறோம்.

தீராதது ஒன்றுண்டு. எமது நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. மானியங்கள் அந்த நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. மீதியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லும் நடைமுறை பற்றிய பத்திரம் இன்னும் நிதிக்குழுவின் நிகழ்ச்சிநிரலில்தான் இருக்கிறது.