5 ஸ்டார் விருது வாங்கிய டவுன்லோடு தளத்தை நம்பலாமா? நுடி இறக்கப் போய் வேறு ஏதோ இறங்கியிருக்கிறது

அல்சூர் டிடிபி:
எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரில் ஜெராக்ஸ், டிடிபி கடை. கன்னட மனு அடிக்க நுடி என்ற கன்னடத் தட்டச்சு மென்பொருள் வேண்டியிருந்தது. தேடியதும் மேலே வந்த ஒரு டவுன்லோடு தளத்தில் எடுத்தோம். பக்கம் முழுக்க முத்திரைதான்: "5 ஸ்டார்", "எடிட்டர் தேர்வு", "100% சுத்தம்". ஆனால் பக்கத்தில் 34 எம்பி என்று போட்டிருந்தது, இறங்கியது 1.7 எம்பி. ஒரு கம்ப்யூட்டரில் ஓட்டியாகிவிட்டது. நடுவில் பிரவுசருக்கு ஏதோ சேர்க்கட்டுமா என்று கேட்டதற்குப் பையன் நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று அழுத்திவிட்டான். இப்போது குரோமில் தேடினால் வேறு தேடுபொறி வருகிறது. இன்னொரு கம்ப்யூட்டரில் கோப்பு மட்டும் இருக்கிறது, ஓட்டவில்லை. இத்தனை விருது வாங்கிய தளம் இப்படிச் செய்யுமா? எதைப் பார்த்து நம்புவது?

கணினி மேஸ்திரி:
அளவிலேயே விடை இருக்கிறது சார். 34 எம்பி இருக்க வேண்டிய இடத்தில் 1.7 எம்பி வந்தால் அது நுடி இல்லை, அந்தத் தளம் சொந்தமாகச் செய்த டவுன்லோடர். அதை ஓட்டினால் தளத்தின் சர்வரோடு பேசும், இரண்டு மூன்று விளம்பர மென்பொருளைக் காட்டும், கடைசியில்தான் நீங்கள் கேட்டதை இறக்கும். சில சமயம் அதையும் இறக்காது.

ஓட்டாத கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போங்கள். டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற டேப் இருக்கிறதா, இருந்தால் கையெழுத்துப் போட்டவர் பெயர் என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள். டிடெயில்ஸ் அழுத்தினால் கையெழுத்து சரியாக இருக்கிறதா என்றும் வரும். நுடியை உருவாக்கியது கன்னட கணக பரிஷத். சம்பந்தமே இல்லாத ஒரு கம்பெனி பெயர் அங்கே இருந்தால் மேலே யோசிக்கவே வேண்டாம், அழித்துவிடுங்கள்.

அந்த டேப் இல்லை என்பதாலேயே கெட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். கையெழுத்துச் சான்றிதழுக்கு வருடா வருடம் காசு கட்ட வேண்டும், இலவசமாகச் செய்பவர்கள் பலர் வாங்குவதில்லை. கோப்புகளைச் சுருக்கும் 7-ஜிப் மென்பொருளின் நிறுவியே பல வருடமாகக் கையெழுத்து இல்லாமல்தான் வந்தது. கையெழுத்து இல்லாதது ஒரு குறை. அடுத்தவன் கையெழுத்து இருப்பதுதான் ஆபத்து.

தண்டு ரயிலடி:
விருது விஷயம் கேட்டீர்களே, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

மென்பொருள் செய்பவர்கள் பேட் கோப்பு என்று ஒன்று தயாரிப்பது வழக்கமாக இருந்தது. பெயர், பதிப்பு, விலை, விவரம், இறக்கும் முகவரி எல்லாம் அடங்கிய ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு. அதை நூற்றுக்கணக்கான தளங்களுக்குத் தானாக அனுப்பவே தனி மென்பொருள்கள் இருந்தன. தளமும் அதைத் தானாகவே வாங்கி ஒரு பக்கம் போட்டுவிடும், நடுவில் மனிதக் கை படாது. அடுத்த நாள் செய்தவருக்கு மின்னஞ்சல் போகும்: "வாழ்த்துகள், உங்களுக்கு 5 ஸ்டார் கிடைத்திருக்கிறது, இந்த முத்திரையை உங்கள் தளத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்." முத்திரைப் படத்தோடு விருது கொடுத்த தளத்துக்கு ஒரு இணைப்பும் சேர்ந்தே வரும். ஆயிரம் பேர் ஒட்டினால் ஆயிரம் இணைப்பு, கூகுளில் அந்தத் தளம் மேலே ஏறும். விருது கொடுத்தவருக்குத்தான் லாபம், மொய் எழுதுவது மாதிரி.

2007-இல் ஆண்டி பிரைஸ் என்ற பிரிட்டிஷ் மென்பொருள்காரர் இதைச் சோதித்தே பார்த்தார். வெறும் எழுத்துக் கோப்பு ஒன்றின் பெயரை மாற்றி மென்பொருள் மாதிரி ஆயிரத்துக்கும் மேற்பட்ட தளங்களுக்கு அனுப்பினார். "இது எதுவும் செய்யாது" என்றுதான் உள்ளே எழுதியிருந்தது, ஓட்டினால் ஓடக்கூடச் செய்யாது. அதற்குப் பத்துக்கும் மேல் விருதுகள் வந்தன. ஒருவராவது திறந்து பார்த்திருந்தால் இது நடக்குமா?

அதனால் முத்திரையைக் கண்டால் முதலில் அதை அழுத்துங்கள். அழுத்த முடியாத வெறும் படமென்றால் மதிப்பு பூஜ்யம். ஒரு பக்கம் திறந்தால் எந்தப் பதிப்பை, எந்தத் தேதியில், என்ன செய்து பார்த்தார்கள், என்ன குறை கண்டார்கள் என்று தேடுங்கள். பிறகு அதே தளத்தில் 2 ஸ்டார் வாங்கிய மென்பொருள் ஒன்றாவது இருக்கிறதா பாருங்கள். யாரையும் ஃபெயில் ஆக்காத பரீட்சையில் பாஸ் ஆனதற்கு என்ன அர்த்தம்?

உண்மையான சோதனை எப்படி இருக்கும் என்பதற்கு, ஜெர்மனியின் மக்டபர்க்கில் இருக்கும் ஏவி-டெஸ்ட் ஆன்டிவைரஸ்களுக்குக் கொடுக்கும் சான்றிதழைப் பாருங்கள். பதிப்பு எண், மாதம், எந்த விண்டோஸ் எல்லாம் இருக்கும். பாதுகாப்பு, வேகம், பயன்பாடு ஒவ்வொன்றுக்கும் 6 என மொத்தம் 18-க்கு மதிப்பெண். குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களையும் வெளியிடுகிறார்கள்.

அல்சூர் டிடிபி:
கையெழுத்தில் நுடிக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு மார்க்கெட்டிங் கம்பெனி பெயர்தான் சார் இருக்கிறது. பல ஆன்டிவைரஸ்களை வைத்து ஒரே நேரத்தில் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் போட்டதில் 70 சொச்சத்தில் 2 மட்டும் சிவப்பு. அப்படியென்றால் பரவாயில்லையா?

பைட் வீரன்:
2/70 என்றால் தப்பான எச்சரிக்கைதான். கவலை வேண்டாம்.

கணினி மேஸ்திரி:
பைட் வீரன், அவசரப்படாதீர்கள். எண்ணிக்கையைப் பார்க்காமல் அந்த இரண்டும் என்ன பெயர் சொல்கின்றன என்று பாருங்கள். "ஜெனரிக்", "ஹியூரிஸ்டிக்" என்று மொட்டையாக இருந்தால் தப்பான எச்சரிக்கையாக இருக்கலாம். நிர்சாஃப்ட் என்ற தளத்தின் இலவசக் கருவிகள் பாவம், நல்லவையாக இருந்தும் அடிக்கடி இப்படி மாட்டும். "பியூஏ" (வேண்டாத மென்பொருள்), "பண்ட்லர்" (கூடவே வேறு எதையோ சேர்த்துக் கட்டியது), "டவுன்லோடர்" என்று இருந்தால் ஒன்று சொன்னாலும் போதும். டவுன்லோடர் கோப்புக்குள் கெட்டது எதுவும் இருக்காது, ஓட்டிய பிறகுதானே கொண்டுவரும்? அதனால்தான் மற்றவையெல்லாம் பச்சை காட்டுகின்றன.

வைரஸ்டோட்டலின் டிடெயில்ஸ் பக்கத்தில் அந்தக் கோப்பு முதல்முறை எப்போது வந்தது என்ற தேதியும் இருக்கும். பல வருடம் பழைய மென்பொருள் என்று சொல்லப்படும் கோப்பு நேற்றுதான் முதலில் வந்திருக்கிறது என்றால் யாரோ புதிதாகப் பொட்டலம் கட்டியிருக்கிறார்கள்.

650 எம்பிக்கு மேல் அங்கே ஏற்ற முடியாது. பாஸ்வேர்டு போட்ட ஜிப்பை, பாஸ்வேர்டு தெரியாமல் உள்ளே திறந்து பார்க்காது, அதனால் ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இந்தப் பாஸ்வேர்டில் திறங்கள் என்று எந்தத் தளம் சொன்னாலும் ஓடிவிடுங்கள். இன்னொன்று, கடைக்காரர் என்பதால் சொல்கிறேன்: வாடிக்கையாளர் ஆதார் ஸ்கேனை அங்கே ஏற்றாதீர்கள். ஏற்றும் கோப்பைச் சந்தா கட்டும் பாதுகாப்பு நிறுவனங்கள் இறக்கிப் பார்க்க முடியும்.

தண்டு ரயிலடி:
ஓட்டிவிட்ட கம்ப்யூட்டரை முதலில் கவனியுங்கள். நெட்டைத் துண்டியுங்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கி, அன்று ஏறியதையெல்லாம் நீக்குங்கள். குரோமில் எக்ஸ்டென்ஷன், தேடுபொறி, நோட்டிஃபிகேஷன் அனுமதி மூன்றையும் பாருங்கள். நோட்டிஃபிகேஷனைத்தான் எல்லோரும் மறப்பார்கள், பிறகு மூலையில் "வைரஸ் வந்துவிட்டது" என்று வந்துகொண்டே இருக்கும். நெட்டை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் ப்ராக்ஸி செட்டிங்கில் தெரியாத முகவரி இருந்தால் அணையுங்கள். குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரைக் கட்டாயம் திறந்து பாருங்கள், நீக்கிய எக்ஸ்டென்ஷன் மறுநாள் திரும்பி வந்தால் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கடைசியாக விண்டோஸ் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன், சுமார் 15 நிமிடம், கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும்.

பாஸ்வேர்டுகளை வேறு கம்ப்யூட்டரில் இருந்து மாற்றுங்கள். மாற்றினால் மட்டும் போதாது, கூகுள் கணக்கில் எல்லாச் சாதனங்களில் இருந்தும் வெளியேறுங்கள். நீங்கள் லாகின் ஆனதை நினைவில் வைத்திருக்கும் பிரவுசர் குக்கி திருடு போயிருந்தால் பாஸ்வேர்டே தேவைப்படாது. வங்கிக் கணக்கில் பணம் போயிருந்தால் உடனே இணைய மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள்.

மல்லேஸ்வரம் மாமா:
ஒரு சின்ன மறுப்பு. டவுன்லோடு தளம் என்றாலே கெட்டது, சொந்தத் தளம் என்றாலே நல்லது என்று போகிறது பேச்சு. சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற டவுன்லோடு தளம் நல்ல பெயரோடு இருந்தது, 2013-இல் நிறுவியோடு விளம்பர மென்பொருள் சேர்க்கும் திட்டம் கொண்டுவந்தார்கள், அந்த வருடமே படம் திருத்தும் கிம்ப் மென்பொருளின் குழு விண்டோஸ் பதிப்பை அங்கிருந்து எடுத்துவிட்டது. 2016-இல் கை மாறியதும் புதிய உரிமையாளர் அந்தத் திட்டத்தை மூடினார். தளத்தின் பெயர் அதேதான், நடத்துபவர் மாறினால் குணம் மாறுகிறது. மறுபக்கம் 2017-இல் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும் சிசிகிளீனர் மென்பொருளின் 5.33 பதிப்பு: சொந்தத் தளம், சரியான கையெழுத்து, ஆனாலும் உள்ளே தீம்பொருள். சுமார் 22 லட்சம் பேர் இறக்கியிருந்தார்கள்.

கணினி மேஸ்திரி:
மாமா சொல்வது சரி. ஆனால் சிசிகிளீனர் மாதிரி நடப்பது அபூர்வம், டவுன்லோடர் ஒட்டுவது தினப்படி வியாபாரம். கடைக்கு வேண்டியது தினப்படிக்கான காவல்.

ஹாஷ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அது கோப்பின் கைரேகை மாதிரி. 7-ஜிப் இருந்தால் கோப்பின் மேல் ரைட் கிளிக், சிஆர்சி எஸ்ஹெச்ஏ, அதில் எஸ்ஹெச்ஏ-256. வரும் 64 எழுத்தை உருவாக்கியவர் வெளியிட்டதோடு ஒப்பிடுங்கள். கோப்பும் ஹாஷும் ஒரே டவுன்லோடு தளத்தில் இருந்தால் அந்த ஒப்பீடு வீண். கோப்பை மாற்றியவன் பக்கத்திலேயே இருக்கும் எண்ணையும் மாற்றிவிடுவான்.

விஎல்சி, 7-ஜிப் போன்றவற்றுக்குத் தேடவே வேண்டாம். விண்டோஸ் 10, 11-இல் விங்கெட் என்ற கட்டளை இருக்கிறது. உருவாக்கியவர் முகவரியும் ஹாஷும் அதன் பட்டியலிலேயே இருப்பதால், ஹாஷ் ஒத்துப்போகவில்லை என்றால் நிறுவாமல் நின்றுவிடும். நுடிக்குப் பரிஷத்தின் தளத்தில் ஆரம்பியுங்கள். தேடலில் "விளம்பரம்" என்று போட்ட முதல் இரண்டு வரியைத் தாண்டிப் போங்கள். தமிழ் மட்டும் அடிக்க வேண்டுமென்றால் எதையும் இறக்க வேண்டாம், 2019 மே அப்டேட்டில் இருந்து விண்டோஸிலேயே தமிழ்99 இருக்கிறது.

அல்சூர் டிடிபி:
டாஸ்க் ஷெட்யூலரில் கோப்புப் பெயரே புரியாத ஒன்று இருந்தது, நீக்கிவிட்டேன். தேடுபொறி இப்போது மாறாமல் நிற்கிறது. ஆஃப்லைன் ஸ்கேன் ஓடுகிறது. ஒரே ஒரு கேள்வி. எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடைகளில் பென்டிரைவில் எல்லாம் போட்டுத் தருகிறார்களே, அது இதைவிட மேலா?

தண்டு ரயிலடி:
இன்னும் மோசம். நெட்டில் இருந்து இறக்கும் கோப்புக்கு விண்டோஸ் ஒரு அடையாளம் ஒட்டும், அதைப் பார்த்துத்தான் விண்டோஸின் காவலான ஸ்மார்ட்ஸ்கிரீன் நீல நிறத்தில் தடுக்கிறது. அந்த அடையாளம் விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் வடிவ டிஸ்கில்தான் தங்கும். பென்டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் வடிவம், அதில் ஏறும்போதே உதிர்ந்துவிடும். உங்கள் கம்ப்யூட்டரில் ஓட்டும்போது அந்தத் தடுப்பு வராது. வாங்கியே ஆக வேண்டுமென்றால் கையெழுத்தையும் ஹாஷையும் பார்த்த பிறகு ஓட்டுங்கள்.