புதுப்பிப்பு: கொழும்பு மாநாட்டுக்குப் போகும் சேகரப் பிரதிநிதிகளுக்கு

சேகரத்தின் (பல சபைகள் சேர்ந்த திருச்சபைப் பிரிவின்) பிரதிநிதிகளாகத் திருகோணமலையிலிருந்து மெதடிஸ்த திருச்சபை மாநாட்டுக்கு முதல்முறை போகிறவர்கள் என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று முன்பு எழுதியிருந்தேன். அதில் பயணமும் பையும்தான் நிறைந்திருந்தன. வாக்களிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதுதான் முக்கியமானது.

ஒரு பிரேரணைக்குத் திருத்தம் வந்தால் முதலில் திருத்தத்துக்குத்தான் வாக்கு. அது நிறைவேறினால், திருத்தப்பட்ட பிரேரணைக்கு மறுபடியும் வாக்களிக்க வேண்டும். பலர் முதல் வாக்கோடு விஷயம் முடிந்தது என்று நினைத்து இரண்டாவதில் கை உயர்த்தாமல் இருந்துவிடுகிறார்கள். சேகரம் சொல்லி அனுப்பிய கருத்து அங்கேயே தொலைந்துபோகிறது.

திருத்தத்தை எழுதியே கொடுங்கள்: எந்தப் பந்தி, எந்தச் சொல்லை நீக்கி எதைச் சேர்ப்பது, முன்மொழிபவர், வழிமொழிபவர். வாயால் சொன்னால் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் போகும்போது பொருள் மாறிவிடும். மூன்று பிரதிகள் போதும்: தலைமைக்கு, மொழிபெயர்ப்பாளருக்கு, உங்களுக்கு. பேசும்போது மொழிபெயர்ப்பாளருக்காக ஒவ்வொரு வசனம் முடிந்ததும் நிறுத்துங்கள்.

கணக்கறிக்கையை முந்திய நாள் இரவே படியுங்கள். கேள்வி இருந்தால் பக்க எண்ணோடு கேளுங்கள், இல்லாவிட்டால் பதில் பொதுப்படையாகவே வரும்.

முன்பு எழுதிய பயணக் குறிப்பில் ஒரு மாற்றம்: காலை அமர்வுக்குப் போய்ச் சேரலாம் என்று நம்பி அதற்கு முந்திய இரவுப் புகையிரதத்தில் ஏறாதீர்கள். கல்லோயா வழியான பாதை ஒற்றைத் தண்டவாளம், எதிர்வண்டிக்குக் காத்திருந்தால் பிந்தும். ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். கடைசி அமர்வு முடியுமுன் எழும்பியும் வராதீர்கள், தீர்மானங்கள் பெரும்பாலும் அப்போதுதான் வாக்குக்கு வரும்.