உயிரியல் இளங்கலை மாணவர்களோடு: கடலூர், புதுவை அனுபவங்கள்

கடலூர், தாவரவியல் ஆசிரியை:

கடலூர் மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் தாவரவியல் கற்பித்து வருகிறேன். சேர்க்கை முடிந்த முதல் வாரத்தில் வகுப்பில் அமரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் மருத்துவ இடம் கிடைக்காத வருத்தத்தோடு வந்தவர்கள். நீட் மதிப்பெண் போதவில்லை, வீட்டில் ஏதாவது ஒரு பட்டம் வாங்கச் சொன்னார்கள், ஆகவே சேர்ந்தோம் என்பார்கள். அவர்களுக்கு ஆறுதல் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் பருவம் முடிவதற்குள் பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டுக்கு அழைத்துச் செல்கிறேன்.

அப்படிச் சென்ற ஒரு பயணத்தில் நடந்ததை இங்கே பகிர விரும்புகிறேன். கால்வாய் குறுகும் இடத்தில் படகை நிறுத்திய படகோட்டி, வெண்கண்டல் என்னும் சதுப்புநில மரத்தின் கிளை ஒன்றை வளைத்து, ஓர் இலையைத் திருப்பி, "நாக்குல வச்சுப் பாரு பாப்பா" என்று ஒரு மாணவியிடம் நீட்டினார். இலையின் மேல் வெயிலில் உலர்ந்த உப்பு பொடிப்பொடியாகப் படிந்திருந்தது. உப்புச் சுரப்பிகளைப் பற்றித் தேர்வில் அவள் நன்றாகவே எழுதியிருந்தாள். ஆனால் அந்த உப்பு நாவில் கரித்தபோதுதான் முதன்முறையாக அவளிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. பக்கத்திலேயே நிற்கும் சுரபுன்னை இலையில் ஏன் உப்பு இல்லை என்று கேட்டாள். சுரபுன்னை உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடுகிறது, வெண்கண்டல் உள்ளே வந்ததை இலை வழியாக வெளியேற்றுகிறது. ஒரே சேற்றில் நிற்கும் இரண்டு மரங்கள் ஒரே சிக்கலுக்கு இரு வேறு வழிகளைக் கண்டிருக்கின்றன. இதை நான் சொல்வதற்கு முன்பே கேள்வி அவளிடமிருந்து வந்துவிட்டது என்பதுதான் எனக்கு முக்கியமாகப்பட்டது. (களத்துக்குச் செல்லும் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: எந்த இலையையும் அடையாளம் உறுதியாகத் தெரியாமல் வாயில் வைக்காதீர்கள். அதே காட்டில் தில்லை மரமும் இருக்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும், தோலில் பட்டால் கொப்புளம் வரும்.)

ஆனால் வியப்போடு நின்றுவிட்டால் அது சுற்றுலாதான். கால்வாய் ஓரத்தில் சுரபுன்னையும் சற்று உள்ளே வெண்கண்டலும் நிற்கும் என்று படகோட்டி சொன்னதை, பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு மரத்தையும் எண்ணி, மார்பளவு உயரத்தில் சுற்றளவை நாடாவால் அளந்து எழுதச் சொன்னேன். சேற்றில் முழங்கால் வரை புதைந்துகொண்டு எண்ணுவது எளிதன்று. முகம் சுளித்தவர்களும் உண்டு. கல்லூரிக்குத் திரும்பி அந்த எண்களை வரைபடமாக்கியபோது, படகோட்டியின் சொல் பெரும்பாலும் சரியாகவும், இரண்டொரு கட்டங்களில் சரியில்லாமலும் இருந்தது. அந்த இரண்டொரு கட்டங்களைப் பற்றித்தான் வகுப்பில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பேசினார்கள்.

உயிரியல் மாணவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதுதான்: கண்ணால் கண்டதை எண்ணாக மாற்றவும், அந்த எண்ணைச் சந்தேகிக்கவும் இளங்கலையிலேயே பழகுங்கள். கணக்கு வராது என்பதற்காக உயிரியல் எடுத்தோம் என்று சொல்லும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் நிறைய இருக்கிறார்கள். இன்றைய உயிரியலில் அந்த எண்ணத்தோடு நெடுந்தூரம் போக முடியாது.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் கதிரேசனும் அவருடன் ராஜேந்திரனும் இந்தக் கரையோரத்தின் 18 குடியிருப்புகளை ஆராய்ந்து, சதுப்புநிலக் காடு இருந்த இடங்களில் உயிரிழப்பும் பொருளிழப்பும் குறைவு என்று 2005இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். உலகமெங்கும் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை அது. அடுத்த ஆண்டே கெர், பெய்ர்ட், கேம்ப்பெல் என்ற வேறு ஆய்வாளர்கள் அதே தரவை மறுபடி கணக்கிட்டு, கடலிலிருந்து ஊர் இருக்கும் தூரத்தையும் தரையின் உயரத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் இழப்பு குறைந்ததில் காட்டின் பங்கு என்று கூடுதலாகச் சொல்ல முடிவது மிகக் குறைவே என்று எழுதினார்கள். காட்டுக்குப் பின்னால் இருக்கும் ஊர் பெரும்பாலும் கடலிலிருந்து விலகியும் இருக்கும். அப்படியானால் காப்பாற்றியது காடா, தூரமா?

இந்தக் கேள்வியை வகுப்பில் வைத்தபோது, சுனாமியில் உறவினரை இழந்த மீனவக் குடும்பத்து மாணவன் ஒருவன் எழுந்து, "அப்போ காடு வேண்டாம்னு சொல்றாங்களா மேடம்?" என்று கேட்டான். அப்படியில்லை, இந்தப் பதினெட்டு ஊர்களின் தரவு மட்டும் அதை நிறுவப் போதாது என்கிறார்கள் என்றேன். ஒரு கருத்தை விரும்புவதற்கும் அதற்குச் சான்று இருப்பதற்கும் உள்ள இடைவெளியை அன்று வகுப்பு முழுவதும் உணர்ந்தது. அந்த மாணவன் பிறகு புள்ளியியல் கணக்கீட்டுக்கான ஆர் (R) மென்பொருளைத் தானாகவே பதிவிறக்கி (அது இலவசம்) புள்ளியியல் கற்றுக்கொண்டு, இப்போது முதுகலை படிக்கிறான்.

தாவரங்களை அடையாளம் காண்பதில் ஆர்வமுள்ளவர்கள் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1955இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் உலர் தாவரத் தொகுப்பில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் இருக்கின்றன. கல்லூரியிலிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு, முன்கூட்டியே கேட்டுவிட்டுச் செல்லுங்கள்.

புதுச்சேரி, மருந்து ஆலை நுண்ணுயிரியல் பிரிவில் பணிபுரிபவர்:

கடலூர் ஆசிரியை எழுதியதைப் படித்ததும் எங்கள் ஆலையில் நடந்த ஒரு நேர்காணல் நினைவுக்கு வந்தது. தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு நுண்ணுயிரியல் பட்டதாரிகளை எடுக்கும்போது நான் ஒரு கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்து, என்ன தெரிகிறது என்று கேட்பது வழக்கம். அன்று வைத்தது கிராம் சாயம் ஏற்றிய பேசில்லஸ் என்னும் பாக்டீரியா. இந்தச் சாயத்தில் ஊதாவாகத் தெரிபவை கிராம் பாசிட்டிவ், இளஞ்சிவப்பாகத் தெரிபவை கிராம் நெகட்டிவ்; பேசில்லஸ் கிராம் பாசிட்டிவ். ஆனால் வேண்டுமென்றே பழைய கல்ச்சரிலிருந்து (ஆய்வகத்தில் வளர்த்த பாக்டீரியாவிலிருந்து) எடுத்தது. முதலில் வந்தவர் நல்ல மதிப்பெண் பெற்றவர். இளஞ்சிவப்பாக இருப்பதைப் பார்த்து கிராம் நெகட்டிவ் என்று உடனே சொல்லிவிட்டு, அதன் பண்புகளை வரிசையாக ஒப்பித்தார். அடுத்து வந்த பெண் சற்று நேரம் பார்த்துவிட்டு, "சார், இது எத்தனை மணி நேரக் கல்ச்சர்?" என்று கேட்டார். கிராம் பாசிட்டிவ் செல்கள் முதிர்ந்தால் செல் சுவர் தளர்ந்து, ஆல்கஹால் ஊற்றும்போது ஊதாச் சாயத்தை இழந்துவிடும். அதனால்தான் 18 முதல் 24 மணி நேரக் கல்ச்சரில் சாயமேற்ற வேண்டும் என்பார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். கல்லூரி ஆய்வகத்தில் தனக்குச் சரியாக வராத தகடுகளையும் தேதி போட்டு எழுதிவைத்திருப்பதாகச் சொல்லி, அந்த நோட்டையே எடுத்துக் காட்டினார். அவரை அன்றே தேர்ந்தெடுத்தோம்.

ரெக்கார்டு நோட்டில் அழகான படமும் எதிர்பார்த்த முடிவும் மட்டுமே இருக்க வேண்டும் என்ற பழக்கம் பல கல்லூரிகளில் இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் உண்மையில் நடந்ததை எழுத இன்னொன்று வைத்திருங்கள். மருந்துத் துறையில் எழுதியதை அழிக்கக் கூடாது; ஒரே கோடால் அடித்து, கையொப்பமும் தேதியும் இட வேண்டும். ஊசி மருந்துக்கான கிருமியின்மைச் சோதனையில் மருந்தைச் சேர்த்த வளர்ப்புத் திரவத்தை 14 நாள் வைத்திருந்து, அது கிருமி வளர்ந்து கலங்கியிருக்கிறதா என்று பார்த்து எழுதுகிறோம். பதின்மூன்று நாள் தெளிவாக இருந்து பதினான்காம் நாள் கலங்கினாலும் அதை அப்படியே எழுதும் மனம் வேண்டும். அந்த மருந்து யாருடைய நரம்பிலோ ஏறப்போகிறது. இந்த நேர்மையை வேலைக்கு வந்த பிறகு கற்றுக்கொடுப்பது மிகவும் கடினம் என்பது என் அனுபவம்.

பரங்கிப்பேட்டை, ஆய்வு மாணவர்:

மேலே இருவரும் சொன்னதோடு எனக்கு உடன்பாடுதான். என்னைச் சந்திக்கும் இளங்கலை மாணவர்கள் பெரும்பாலும் தேர்வுகளைப் பற்றியே கேட்பதால் அதைச் சுருக்கமாக எழுதுகிறேன். முதுகலைச் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வுகளான ஜாம் (JAM), சியூஇடி (CUET), உயிர்த்தொழில்நுட்பத்துக்கான கேட்-பி (GAT-B) ஆகியவற்றை இரண்டாம் ஆண்டிலேயே தெரிந்துகொள்ளுங்கள். ஆய்வு உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் பின்னாளில் எழுதும் சிஎஸ்ஐஆர் நெட் உயிர் அறிவியல் தேர்வில் 200 மதிப்பெண்ணில் பாதி மூன்றாம் பகுதிக்கு உரியது. அதில் வரும் கேள்விகளில் பலவும் ஒரு சோதனையின் வரைபடத்தையோ அட்டவணையையோ கொடுத்து, அதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம் என்று கேட்பவை. மனப்பாடம் அங்கே கைகொடுக்காது. இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகைக்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பம் முடிந்துவிடும். கோடை வந்த பிறகு தேடிப் பயனில்லை.

உதவித்தொகை கிடைக்காவிட்டாலும் நம் கடற்கரையில் செய்வதற்கு வேலை இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடல் ஆமைகள்) முட்டையிட வரும்; வனத்துறை பொரிப்பகங்கள் அமைத்துப் பாதுகாக்கிறது. மணலின் வெப்பம் ஏறத்தாழ 29 டிகிரிக்கு மேல் போனால் பெண் குஞ்சுகள் மிகுதியாகும் என்பதால், கூட்டின் ஆழத்தில் வெப்பநிலையை நாள்தோறும் குறிப்பதே ஓர் இளங்கலைத் திட்டக் கட்டுரைக்குப் போதுமான வேலை. கடல் ஆமைகள் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருப்பவை. அனுமதியின்றி முட்டையைத் தொடுவதே குற்றம். எனவே துறைத் தலைவர் கையொப்பமிட்ட கடிதத்தை டிசம்பருக்குள் மாவட்ட வன அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். தெர்மாமீட்டரையும் கல்லூரியிலிருந்தே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.