மார்பகக் கதிர்வீச்சு முடிந்து 19 நாள்: விழுங்கினால் வலி, வயிறும் நகரவில்லை

கணக்குநோட்டு எழுதியது:

எனக்கு வயது 52. இடது மார்பகத்தில் புற்றுநோய். அக்குள் நெறிகளிலும் (நிணநீர் முடிச்சுகள்) இருந்தது. கீமோ முடித்து, கட்டியை மட்டும் எடுத்து, அதன்பின் கதிர்வீச்சு. முதல் 15 நாள் மார்பகத்துக்கும் காரை எலும்பை ஒட்டிய பகுதிக்கும். அடுத்த 5 நாள் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும். எல்லாம் முடிந்து இன்றோடு 19 நாள் ஆகிறது.

தோல் கறுக்கும், உரியும், உடம்பு அசந்துபோகும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். சொன்னபடியே வந்தன, சொன்னபடியே தணிந்தும் வருகின்றன. சொல்லாமல் வந்த ஒன்றைப் பற்றித்தான் கேட்கிறேன்.

கதிர்வீச்சின் 11ஆம் நாள் இரவு மாத்திரை ஒன்றை விழுங்கினேன். தொண்டைக்குழிக்கு நாலு விரல் கீழே அது நின்றுவிட்டது போலிருந்தது. தண்ணீர் குடித்தேன். தண்ணீர் அந்த இடத்தை உரசிக்கொண்டு இறங்கியது, மாத்திரை நகரவில்லை. மறுநாள் மாத்திரையே போடவில்லை; ஆனாலும் அந்த மாத்திரை அங்கேயே இருந்தது. அப்போதுதான் அது மாத்திரை இல்லை என்று எனக்குப் புரிந்தது.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள். எதையும் தேதி போட்டுக் குறித்துவைத்தால்தான் தூக்கம் வரும். நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன். 14ஆம் நாள்: ஒரு கவளத்துக்கு மூன்று முறை விழுங்க வேண்டியிருந்தது. 18ஆம் நாள்: சூடும் ஆகவில்லை, குளிர்ச்சியும் ஆகவில்லை. முடிந்த பின் 6ஆம் நாள்: எச்சில் விழுங்கினாலும் குத்துகிறது, வலி 10க்கு 7. 12ஆம் நாள்: வலி 5. நேற்று: வலி 4, ஆனால் படுத்தால் புளிப்பாக எதுக்களிக்கிறது, வயிறு ஊதியிருக்கிறது, நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை.

இயந்திரத்தில் படுக்கவைப்பவரிடம் அப்போதே சொன்னேன். “மார்புக்குத்தானே வைக்கிறோம், வயிற்றுக்கு இல்லையே” என்றார். பொய் சொல்லவில்லை அவர். ஆனால் அதற்குமேல் யாரும் எதுவும் சொல்லவும் இல்லை. வீட்டில் ஒருபடி மேலே போய், எல்லாம் மனப்பிரமை என்கிறார்கள். பிரமைக்கு இவ்வளவு ஒழுங்காகத் தேதிவாரியாக ஏறி இறங்கத் தெரியுமா?

இப்போது எடுப்பவை: புற்றுநோய் திரும்பாமலிருக்க லெட்ரோசோல் (தொடங்கி இரண்டு வாரம்), கால்சியம் நாளைக்கு இரண்டு, வலிக்கு டிராமடால், குமட்டலுக்கு ஓன்டான்செட்ரான். மருத்துவரைப் பார்க்க இன்னும் 9 நாள் இருக்கிறது. இது கதிர்வீச்சின் வேலையா? எத்தனை நாள் இருக்கும்? அதுவரை எதை, எப்படிச் சாப்பிட்டீர்கள்?


மாடிப்படி எழுதியது:

அக்கா, பிரமை இல்லை. உணவுக்குழாய் புண்பட்டிருக்கிறது. எனக்கும் காரை எலும்புப் பகுதிக்கு வைத்தார்கள், எனக்கும் மூன்றாவது வாரத்தில்தான் ஆரம்பித்தது. முடிந்துவிட்டதே, இனி குறையும் என்று நினைத்தேன். முடிந்த மறுவாரம்தான் உச்சம். அழுதுகொண்டே தண்ணீர் குடித்திருக்கிறேன். ஐந்தாவது வாரத்தில் ஒருநாள் பேச்சுவாக்கில் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான், வலிக்கவே இல்லையே என்று கவனித்தேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெதுவெதுப்பாக, குழைவாக, கொஞ்சம் கொஞ்சமாக, ஆறேழு வேளை. புளிப்பு, காரம், மொறுமொறுப்பு மூன்றையும் தள்ளிவைத்தேன். முழுசாக உட்கார்ந்து சாப்பிட்டேன், சாய்ந்துகொண்டு சாப்பிடவில்லை. எடை குறைகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.


ஊசிமுனை எழுதியது:

தங்கை, மாடிப்படி சொன்னது சரி. நான் ஆறு வருடத்துக்கு முன் இதைக் கடந்தவள், எனக்கு 25 நாள். உங்கள் நோட்டைப் படித்ததும் நீளமாக எழுதாமல் இருக்க முடியவில்லை.

தையல்தான் என் தொழில். துணியில் சாக்பீஸால் கோடு போடாமல் கத்தரியை எடுத்ததே இல்லை. அதனால் கதிர் வைக்கும் இடத்துக்கு அடையாளமாக என் மார்பில் அவர்கள் புள்ளி குத்தியபோது, கோடு எங்கெங்கே போகிறது என்று பார்க்காமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. மருத்துவரிடம், “எனக்கு அளவுப் படம் காட்டுங்கள்” என்றேன். அவர் முதலில் விழித்தார், பிறகு திரையைத் திருப்பினார். உடம்பைக் குறுக்கே அறுத்துப் பார்த்தது போன்ற ஸ்கேன் படங்கள், அவற்றின் மேல் வண்ணக் கோடுகள். எந்த இடத்துக்கு எவ்வளவு கதிர் போகிறது என்பதுதான் அந்தக் கோடுகள்.

மார்பகத்துக்கு வரும் கதிர் நேர்குத்தாக இறங்குவதில்லை. நடுநெஞ்சுப் பக்கமிருந்து ஒன்றும் விலாப் பக்கமிருந்து ஒன்றுமாகச் சாய்வாக, வளைவின் விளிம்பைச் சீவிக்கொண்டு போகின்றன. அதனால்தான் குடல் தப்பிக்கிறது. ஆனால் காரை எலும்புக்கு மேலுள்ள நெறிகளுக்கு வேறு கோணத்தில் தனியாக வைக்கிறார்கள். அந்த இடத்தில் உணவுக்குழாய் பக்கத்திலேயே ஓடுகிறது. கழுத்தடியில் அது நட்டநடுவில் இருப்பதில்லை, கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும். உங்களுக்கு இடது பக்கம். நாலு விரல் கீழே நின்ற மாத்திரைக்கு அங்கேதான் முகவரி.

உணவுக்குழாயின் உள்தோல் ஓயாமல் உதிர்ந்து, ஓயாமல் புதிதாக வளர்வது. கதிர் புதிதாக வளர்வதைத் தடுக்கிறது. பழையது உதிர்வது நிற்பதில்லை. முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாமல் இருந்து பிறகு வலி வந்ததற்கும், சிகிச்சை நின்ற பின்னும் சில நாள் ஏறியதற்கும் இதுதான் காரணம். 7, 5, 4 என்று நீங்கள் எழுதியிருப்பது அது ஆறும் வேகம். நல்ல கணக்கு.

எனக்கு வலது பக்கம். குமட்டல்தான் பெரும்பாடு. படத்தில் கல்லீரலின் மேல்முனை கோட்டுக்குள் கொஞ்சம் வந்திருந்தது. அதைக் காட்டியே மருத்துவர் விளக்கினார். இடது பக்கக்காரர்களுக்கு இரைப்பையின் மேல்மூலை அப்படிக் கோட்டருகே வரலாம். சிகிச்சையின்போது மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்களா? இதயத்தைக் கதிரிலிருந்து விலக்கத்தான் அது. நுரையீரல் நிரம்பும்போது இரைப்பையும் கீழே தள்ளப்படும்.

இனி வயிறு. நாலு நாள் அடைப்புக்குக் கதிரைக் குற்றம் சொல்லாதீர்கள். உங்கள் மாத்திரைப் பட்டியலைப் பாருங்கள்: டிராமடால் குடலை மந்தமாக்கும், ஓன்டான்செட்ரானும் அப்படியே, கால்சியம் கார்பனேட்டும் அப்படியே. மூன்றும் சேர்ந்து ஒரே வாசலில் உட்கார்ந்திருக்கின்றன. அதற்கும் மேல், விழுங்க வலிக்கிறது என்று தண்ணீரைக் குறைத்திருப்பீர்கள். மேலே இருக்கும் புண்தான் கீழே பூட்டுப் போட்டிருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை குவளை குடிக்கிறீர்கள் என்பது நோட்டில் இல்லை, கவனித்தேன்!

9 நாள் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே தொலைபேசியில் அழையுங்கள். குமட்டல் இல்லாத நாளிலும் ஓன்டான்செட்ரான் வேண்டுமா என்று கேளுங்கள். டிராமடால் தொடரும்வரை மலமிளக்கி ஒன்றும் கூடவே வேண்டுமா என்று கேளுங்கள். நார்ச்சத்துத் தூள் வாங்கிவிடாதீர்கள். தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கு அது அடைப்பை இறுக்கும், புண்பட்ட குழாயில் ஒட்டிக்கொண்டாலும் ஒட்டிக்கொள்ளும்.

எரிச்சலுக்கு எனக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்றும், சாப்பாட்டுக்கு முன் குடிக்க மரத்துப்போகும் மருந்து கலந்த திரவமும் கொடுத்தார்கள். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போட வேண்டும். எனக்கு யாரும் சொல்லாததால் பத்து நாள் சாப்பிட்ட பிறகு போட்டேன், பலன் அரைகுறை. அந்தத் திரவத்தைக் குடித்த பின் சூடு உறைக்காது, ஆகவே ஆறவைத்தே சாப்பிடுங்கள். அமில மாத்திரை தொடங்கினால் கால்சியம் கார்பனேட் சரியாக உறிஞ்சப்படாது. சிட்ரேட் வகைக்கு அமிலம் தேவையில்லை, மலச்சிக்கலும் அதில் குறைவு. மாற்றலாமா என்று கேட்டு வையுங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாகப் பொடித்துப் போடாதீர்கள். சிலவற்றைப் பொடிக்கக் கூடாது, மருந்தாளுநருக்குத் தெரியும்.

படுக்கை: எதுக்களிப்புக்கு இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது நல்லது என்பார்கள். உங்களுக்கு உரிந்த தோலும் இடப்பக்கம்தான். அந்த யோசனையை இப்போதைக்குக் கிடப்பில் போடுங்கள். தலையணையை அடுக்கவும் வேண்டாம். அது இடுப்பில் மடக்கி வயிற்றை அமுக்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து ஒரு சாண் உயர்த்துங்கள், அல்லது சரிவாக வெட்டிய பஞ்சு மெத்தை வையுங்கள். நான் வெட்டித்தான் வைத்தேன்.

ஒன்று மறந்துவிட்டேன். கண்ணாடி முன் விளக்கைப் பிடித்து வாயைப் பாருங்கள். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் ஒட்டினாற்போல் வெள்ளைப் படலம் இருந்தால் அது பூஞ்சை. கீமோவுக்குப் பிறகு வரக்கூடியது. அது உணவுக்குழாய்க்கும் இறங்கினால் இதே வலிதான், ஆனால் மருந்து வேறு.


எதிர்வெயில் எழுதியது:

என் அம்மாவுக்கு ரேடியேஷன் முடிந்ததும் மூன்று நாள் பட்டினி போட்டு, மூலிகைப் பொடியால் குடலைக் கழுவினோம். எல்லா நஞ்சும் இறங்கிவிட்டது. நீங்களும் செய்து பாருங்கள் அம்மா.


ஊசிமுனை எழுதியது:

வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் உடம்பில் தங்குவதில்லை தம்பி. இயந்திரம் நின்றதும் அதுவும் நின்றுவிடும். இறக்குவதற்கு நஞ்சு எதுவும் இல்லை. ஏற்கெனவே விழுங்க முடியாமல் இளைத்திருப்பவரைப் பட்டினி போடச் சொல்லாதீர்கள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியுமா?


அரைத்தூக்கம் எழுதியது:

என் கதை இதற்கு நேர்மாறு, ஆனால் பாடம் ஒன்றுதான் என்பதால் எழுதுகிறேன். கதிர்வீச்சு முடிந்த சில வாரங்களில் எனக்கு வயிற்றுப்போக்கு. ஒரு நாளில் எட்டு முறை. “கதிர் குடலைச் சுட்டுவிட்டது” என்று நானே தீர்ப்பு எழுதி, ஐந்து நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். குளியலறையில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்ட பிறகுதான் கணவர் என்னை அள்ளிக்கொண்டு போனார். அங்கே கேட்ட முதல் கேள்வி, புதிதாக எந்த மாத்திரை தொடங்கினீர்கள் என்பதுதான். அபெமாசிக்லிப் என்ற மார்பகப் புற்றுநோய் மாத்திரை தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. அதற்கு இது நன்கு தெரிந்த பக்கவிளைவு. அளவைக் குறைத்தார்கள், போக்கு தொடங்கிய உடனே போட மாத்திரையும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் கையோடு கொடுத்தார்கள். அந்தப் பொட்டலம் இன்னும் கைப்பையில் இருக்கிறது.

அக்கா, தண்ணீர்கூட இறங்கவில்லை, காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தாண்டுகிறது, மலம் தார் போல் கறுப்பு, வாந்தியில் ரத்தம், அல்லது அடைப்போடு வாந்தியும் வயிற்றில் கடும் வலியும் என்றால் தொலைபேசியெல்லாம் வேண்டாம், நேரே போய்விடுங்கள்.


கணக்குநோட்டு எழுதியது:

ஆறு நாள் கழித்து வருகிறேன். ஊசிமுனை அக்கா, குவளைக் கணக்கை எழுதிப் பார்த்தேன். முதல் நாள் மூன்றரை. எனக்கே வெட்கமாகிவிட்டது.

மறுநாளே அழைத்தேன், வரச் சொன்னார்கள். வாயில் வெள்ளைப் படலம் எதுவும் இல்லை. படத்தைக் காட்டச் சொன்னேன். மருத்துவர் சிரித்துக்கொண்டே காட்டினார். ஒரு சிறிய வட்டம், அதன் ஓரத்தை மஞ்சள் கோடு ஒன்று தொட்டுக்கொண்டு போகிறது. “இதுதான் உங்கள் உணவுக்குழாய்” என்றார். ஒரு மாதமாக என்னை ஆட்டிவைத்தது சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை. படத்தைக் கைபேசியில் எடுத்து வந்து வீட்டில் காட்டினேன். மனப்பிரமை என்ற சொல் அதன்பின் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

ஓன்டான்செட்ரானை நிறுத்திவிட்டார். டிராமடாலுக்குப் பதில் பாராசிட்டமால். இரவில் ஒரு மலமிளக்கித் திரவம். அமில மாத்திரை காலையில், அரைமணி முன்னால். கால்சியத்தை மாற்றி எழுதினார். லெட்ரோசோல் அப்படியே தொடர்கிறது. இரண்டாம் நாளே வயிறு வழிவிட்டது. அந்தத் தேதியைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். இன்று காலை: ஒரு குவளைத் தண்ணீர், 9 மடக்கு, வலி 2. மொத்தம் நாளைக்கு எட்டுக் குவளை.

இரவு எதுக்களிப்புதான் இன்னும் முழுதாக விடவில்லை. அக்கா, அந்தப் பஞ்சை எந்த அளவில் வெட்டினீர்கள்?


ஊசிமுனை எழுதியது:

தலைப்பக்கம் 20 சென்டிமீட்டர் உயரம், கீழ்ப்பக்கம் தட்டை. நீளம் தலையிலிருந்து இடுப்பு வரை வர வேண்டும். குட்டையாக வெட்டினால் நடுமுதுகில் மடக்கிவிடும். கெட்டியான பஞ்சாகக் கேளுங்கள், மெத்தென்று இருப்பது ஒரு வாரத்தில் அமுங்கிவிடும். உறைக்குப் பழைய பருத்திப் புடவை, தையல் உங்கள் இடப்பக்கம் வராமல்.