புதுப்பிப்பு: மெழுகு பூசிய தேக்கு மேசையில் வெள்ளை வட்டம், பிசுபிசுப்பு - சரியாகிவிட்டது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. நான் கேட்டது: வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டில் தேன்மெழுகு பூசிய தேக்கு மேசை, சூடான பாத்திரம் வைத்த இடத்தில் வெள்ளை வட்டம், மற்ற இடமெல்லாம் பிசுபிசுப்பு.

முடி உலர்த்தி யோசனை பாதிதான் பலித்தது. மிதமான சூட்டில், ஒரு சாண் தள்ளி, இரண்டு நிமிடம் காட்டியதில் வட்டம் மங்கியது, மறையவில்லை. முழுத் தீர்வு, பழைய மெழுகைக் கரைத்தெடுக்கச் சொன்ன பதில்தான். ஜன்னலைத் திறந்துவைத்து, டர்பெண்டைன் (மெழுகைக் கரைக்கும் திரவம்) நனைத்த பருத்தித் துணியால் மர ரேகை போன போக்கில் துடைக்க வேண்டும். துணியில் பழுப்பு ஒட்டுவது நிற்கும் வரை துணியை மாற்றிக்கொண்டே இருங்கள். எனக்கு ஐந்து துணி ஆனது. பிறகு ஒரு நாள் காயவிட்டேன்.

பிசுபிசுப்புக்குக் காரணம் மெழுகின் தரமல்ல, கனம். தடித்துப் பூசினால் மெழுகை இளக்க அதில் கலந்திருக்கும் கரைப்பான் அடியிலிருந்து வெளியேறாது. இந்த முறை நால்வர் மேசைக்கு ஒரு தேக்கரண்டிதான். 20 நிமிடம் கழித்து அழுத்தித் தேய்த்து, மறுநாள் இன்னொரு மெல்லிய பூச்சு. தேன்மெழுகு 62-64 டிகிரி செல்சியஸிலேயே உருகும்; 80 டிகிரி தாண்டி உருகும் கார்னோபா (ஒருவகைப் பனை இலை மெழுகு) கலந்ததை வாங்கினேன். அப்படியும் சூடான பாத்திரத்துக்கு அடியில் சிறு பாய் அவசியம்.

எதிர்பாராத ஒன்று: மேசையின் ஒரு காலில் இரும்புக் கம்பளி (மெல்லிய இரும்பு இழைத் தேய்ப்பான்) கொண்டு தேய்த்தேன். சிக்கிய துகள்கள் ஈரம் பட்டுக் கரும்புள்ளிகளாயின. நைலான் பஞ்சே போதும்.