அப்பத்தா டப்பாவுல 43 வெள்ளி ரூபா, கூடவே 6 பழைய ஐநூறு. என்ன பண்றது?

வைகைக்கரை:
வணக்கம் மக்களே. போன மாசம் எங்க அப்பத்தா தவறிட்டாங்க, 91 வயசு. காரியமெல்லாம் முடிஞ்சு அவங்க ட்ரங்குப் பெட்டிய ஒதுங்க வைக்கும்போது அடியில ஒரு பழைய பிஸ்கட் டப்பா, அதுக்குள்ள மஞ்சத் துணியில முடிஞ்சு வச்சிருந்தாங்க, அவுத்து எண்ணுனா 43 வெள்ளி ரூபா. 1951-ல கல்யாணம் ஆகி வரும்போது அவங்க அம்மா குடுத்து விட்டதுன்னு சின்ன வயசுல கேட்டிருக்கேன், ஆனா கண்ணுல காட்டுனதே இல்ல.

ராணி தலை போட்டது 9 (அதுல ஒண்ணு 1840, ரெண்டு 1862, மிச்சமெல்லாம் எம்ப்ரஸ்னு போட்டது), கிரீடமில்லாத ராசா 1903-லருந்து 1910 வரைக்கும் 14, கிரீடம் வச்ச ஜார்ஜ் 1912, 13, 16, 18ன்னு 16, அப்புறம் 1940, 42, 44ன்னு ஒரு 4. ரெண்டு காசுல கொக்கி பத்தவச்சிருக்கு, மாலைல கோத்திருப்பாங்க போல.

பேங்க்ல கேட்டா கேஷியர் சிரிச்சுட்டு "சார் இதெல்லாம் செல்லாது"ங்கிறார். எங்க ஊர் நகைக்கடைக்காரர், பேரு வேணாம், "எல்லாமே பாதி டச் தான் தம்பி, பாதி வெள்ளிக்குக் காசு போட்டுத் தர்றேன், உருக்கிரலாம்"ங்கிறார். சித்தப்பா வித்துப் பங்கு பிரிக்கலாம்ங்கிறார். எனக்கு மனசு வரல.

இன்னொரு விஷயம், அதே டப்பால 6 பழைய ஐநூறு ரூபா நோட்டும் இருக்கு, காந்தி போட்டது, 2016-ல செல்லாமப் போனது. பாவம் யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்திருக்காங்க. இத வச்சிருந்தா கேஸ் ஆகும்னு ஒருத்தன் பயமுறுத்துறான், நெஜமா?

கொலுசுப்பட்டறை:
தம்பி மொதல்ல அந்தக் கடைப் பக்கமே போகாதீங்க. நான் சேலத்துல வெள்ளி வேலை, இருபது வருஷமா இந்தக் காசுங்க கை மாறிப் போறத பாக்குறேன். 1940-க்கு முன்னாடி அடிச்ச ரூபா எல்லாமே 91.7 டச், அதாவது நூத்துக்கு 91.7 பங்கு சுத்த வெள்ளி, நாங்க பட்டறைல 92ன்னே சொல்லுவோம். ஒரு காசு 11.66 கிராம், அதுல சுத்த வெள்ளி 10.69. 1940-லருந்து 45 வரைக்கும் உள்ளது மட்டும்தான் பாதிக்குப் பாதி கலப்படம். அவரு என்ன பண்றாருன்னா உங்க 4 காசோட டச்ச 43-க்கும் போடுறாரு.

நீங்களே கணக்குப் போடுங்க, 39 காசு பெருக்கல் 10.69, சுமாரா 417 கிராம், அந்த நாலுல ஒரு 23, ஆக 440 கிராம் சுத்த வெள்ளி. அவரு கணக்குல வெறும் 250 தான் வரும். தேஞ்சிருந்தா கொஞ்சம் குறையும், கொக்கி வச்சதுல பத்தவச்ச பொடி சேர்ந்திருக்கும், அதத் தனியா எடை போடுங்க. டிஜிட்டல் தராசுல ஒவ்வொண்ணா வைங்க, 11.4-க்குக் கீழ போச்சுன்னா ஒண்ணு ரொம்பத் தேஞ்சது இல்லன்னா டூப்ளிகேட். காந்தத்துல ஒட்டுனா வெள்ளியே கிடையாது (1947 தேதி போட்ட ரூபா மட்டும் நெசமான காசாவே இருந்தாலும் ஒட்டும், அது முழு நிக்கல்). இன்னைக்கு வெள்ளி விக்கிற விலைக்கு உருக்குனாலே கெட்டியான காசு வரும், ஆனா உருக்குறதுக்கு முன்னாடி காசு தெரிஞ்சவங்ககிட்ட ஒருதரம் காட்டிருங்க. உருக்குனது உருக்குனதுதான், திரும்ப ராணி வராது.

அரையணா:
கொலுசு அண்ணன் சொன்னதுல மாத்துக்கருத்தே இல்ல, நான் வரலாறு பக்கம் கொஞ்சம் சொல்றேன், நீளமாப் போச்சுன்னா மன்னிச்சுக்கோங்க, இது என் பலவீனம்.

கேஷியர் சொன்னது சட்டப்படி சரி. விக்டோரியா ராணி காசு 1941-ல செல்லாமப் போச்சு, கிரீடமில்லாத ராசா எட்வர்டு 1942, ஜார்ஜோட பழைய கெட்டி வெள்ளி 1943. அப்படின்னா 1951-ல உங்க அப்பத்தாவுக்கு அவங்க அம்மா இதக் குடுக்கும்போதே இந்த 43-ல 39 செல்லாக்காசு! தெரிஞ்சேதான் குடுத்திருப்பாங்க. அரசாங்கம் கணக்குல அது ரூபாயா இல்லாமப் போச்சு, பெட்டிக்குள்ள அது வெள்ளிதானே.

வெள்ளைக்காரன் ஏன் செல்லாதாக்கினான்ங்கிறது இன்னும் சுவாரசியம். 2016 மாதிரி கறுப்புப் பணம் பிடிக்க இல்ல. 1940-ல ரெண்டாம் யுத்தத்துல பிரான்ஸ் விழுந்ததும் நம்ம ஜனங்க நோட்ட நம்பாம ரூபா காசா மாத்தி மாத்திப் பதுக்க ஆரம்பிச்சாங்க, தேவைக்கு மேல காசு சேர்த்தா குத்தம்னு அந்த ஜூன் மாசமே உத்தரவு போட்டான், ஒரு ரூபா நோட்டத் திரும்பக் கொண்டுவந்தான், புதுக்காசுல வெள்ளியப் பாதியாக்கினான். பழைய கெட்டிக்காசு சந்தைல இருந்தா ஜனங்க அத எடுத்து உள்ள வச்சுக்கிட்டு பாதி வெள்ளியத்தான் செலவழிப்பாங்க, அதனால தேதி வச்சு ஒவ்வொரு ராசாவாத் திரும்பக் கேட்டான். யுத்தத்துக்கு நடுவுல அமெரிக்காகிட்ட 22 கோடி அவுன்சுக்கு மேல வெள்ளி கடன் வேற, அதத் திருப்பிக் கட்ட சுதந்திரத்துக்கு அப்புறம் நம்ம ஆளுங்க அந்தப் பாதி வெள்ளி காசையே திரும்ப எடுத்து உருக்கவேண்டி வந்துச்சு. ஆக நெறையப் பேரு தேதிக்குள்ள குடுத்துட்டு நோட்டு வாங்கிட்டாங்க, உங்க வீட்டுப் பெரிய கிழவி குடுக்கல.

முதல் யுத்தத்துலயும் இதே கூத்துதான். வெள்ளி விலை ஏறி, ரூபாய உருக்குனா ரூபாய விட அதிகம் கிடைக்கும்ங்கிற நெலம வந்துச்சு. 1917 நவம்பர்ல முதல் ஒரு ரூபா நோட்டு விட்டான், ஜனங்க நம்பணும்னு நோட்டு மேலேயே ஜார்ஜ் வெள்ளிக்காசு படத்த அச்சடிச்சான். மறு வருஷம் அமெரிக்காக்காரன் சட்டம் போட்டு தன்னோட வெள்ளி டாலர 25 கோடிக்கு மேல உருக்கி பிரிட்டனுக்கு வித்தான், எல்லாம் இந்தியாவுக்கு ரூபா அடிக்க. உங்ககிட்ட உள்ள 1918 ஜார்ஜுல அந்த டாலர் கலந்திருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

அப்புறம் 1911 ஒண்ணும் இல்லையா? நல்லாப் பாருங்க. அந்த வருஷக் காசுல ராசா அங்கில இருக்கிற யானைக்குத் துதிக்கை குட்டையாப் போய் பன்னி மாதிரி தெரிஞ்சதுன்னு பெரிய ரகளையாகி, திரும்ப எடுத்து டிசைன மாத்தி 1912-ல விட்டான். பன்னி ரூபான்னே பேரு.

சும்மாபாத்தேன்:
இத எதுக்கு உருக்கணும், நேரா ரிசர்வ் பேங்க்ல குடுத்தா பழைய காசுக்கு லட்சக்கணக்குல தர்றாங்களாம், ஃபேஸ்புக்ல விளம்பரம் வந்துச்சு, மொதல்ல ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் மட்டும் கட்டணுமாம்

அரையணா:
ஐயா சாமி கட்டிராதீங்க!! அது முழு மோசடி. நாங்க யாருக்கும் இந்த மாதிரி அனுமதி குடுக்கல, கமிஷனும் கேக்கலன்னு ரிசர்வ் பேங்கே 2021 ஆகஸ்ட்ல அறிக்கை விட்டிருக்கு. டிராக்டர் போட்ட 5 ரூபா நோட்டு, 786 நம்பர் எல்லாம் இதே கதைதான். வாங்குறவன் காசு தரணும், உங்ககிட்ட காசு கேட்டா அவன் வாங்க வரல.

கோர்ட்டுவாசல்:
அந்த 6 ஐநூறுக்கு வர்றேன். 2017-ல இதுக்குன்னே தனிச் சட்டம் போட்டிருக்காங்க. பழைய ஐநூறு, ஆயிரம் ரெண்டும் சேர்த்து மொத்தம் 10 நோட்டு வரைக்கும் யாரு வேணா வச்சிருக்கலாம், ஆராய்ச்சி, நாணயச் சேகரிப்புன்னா 25 வரைக்கும். அதுக்கு மேல போனாத்தான் அபராதம், 10,000 ரூபா இல்லன்னா நோட்டு மதிப்புல அஞ்சு மடங்கு, எது அதிகமோ அது. உங்களுக்கு 6 தானே, தாராளமா வைங்க. மாத்தித் தர்றேன்னு எவனாவது வந்தா மட்டும் வெளிய அனுப்பிருங்க.

காசு விஷயத்துல ரெண்டே ரெண்டு. நூறு வருஷம் தாண்டின காசு 1972 சட்டப்படி தொல்பொருள், அதனால வெளிநாட்டுல இருக்கிற பங்காளிக்கு கூரியர்ல அனுப்புறேன்னு கிளம்பிராதீங்க. இன்னொண்ணு, இது பெட்டிக்குள்ள கிடைச்சதாலதான் குடும்பச் சொத்து. கொல்லையில தோண்டும்போது கிடைச்சிருந்தா கதையே வேற, 1878-ல போட்ட புதையல் சட்டம், மதிப்பு 10 ரூபாய்க்கு மேல இருந்தாலே கலெக்டருக்குச் சொல்லணும். ஆமா, இன்னும் 10 ரூபாதான்.

வைகைக்கரை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி உக்காந்து எடை போட்டேன், எல்லாம் 11.5-க்கு மேல, கொக்கி வச்ச ரெண்டும் 12 கிட்ட வருது. காந்தத்துல எதுவும் ஒட்டல. 1911 இல்ல, 1912-ல யானை துதிக்கையோட நல்லாத்தான் இருக்கு, எனக்குதான் லேசா ஏமாத்தம். கணக்க சித்தப்பாகிட்ட காட்டுனேன், "250-க்கும் 440-க்கும் இவ்ளோ வித்தியாசமா"ன்னு அந்தக் கடைக்காரர் மேல கோவம் வந்துருச்சு, இப்ப விக்க வேணாம், ஆளுக்குப் பதினாலா பிரிச்சு வச்சுக்கலாம்ங்கிறார். 43-ஐ மூணாப் பிரிச்சா ஒண்ணு மிஞ்சுதே, அந்த 1840 யாருக்குன்னு இப்ப சண்டை :)

ரெண்டு சந்தேகம். எல்லாம் கறுத்துக் கிடக்கு, எங்க அம்மா விபூதி போட்டுத் தேய்க்கவான்னு கேக்குறாங்க. அப்புறம் 1840 நெசமாவே 1840-ல அடிச்சதா?

அரையணா:
அம்மா கையில இருந்து மொதல்ல காச வாங்குங்க!! விபூதி, புளி, பல்பொடி எதுவும் கூடாது, அந்தக் கறுப்புக்குத்தான் சேகரிக்கிறவங்க காசு குடுக்குறாங்க, பளபளன்னு தேய்ச்சா வெறும் வெள்ளி விலைதான். மண்ணு இருந்தா டிஸ்டில்டு வாட்டர்ல ஊறப்போட்டு, தேய்க்காம துணியில ஒத்தி எடுங்க. பிவிசி ஆல்பம் வேணாம், பச்சையா பிசுபிசுன்னு பிடிச்சுக்கும்.

1840 தேதி போட்டே 1862 வரைக்கும் அடிச்சான், அதே மாதிரி 1862-ன்னு போட்டு 1874 வரைக்கும். தலைக்கு மேல விக்டோரியா குயின்ங்கிற எழுத்து ஒரே கோடா வளைஞ்சு போகுதா, இல்ல ரெண்டு பக்கமும் பிரிஞ்சு நிக்குதா பாருங்க. ஒரே கோடுன்னா முந்தினது, பிரிஞ்சிருந்தா பிந்தினது.

வைகைக்கரை:
பிரிஞ்சு நிக்குது அண்ணே.

கொலுசுப்பட்டறை:
அப்ப அத சித்தப்பாவுக்குக் குடுத்துட்டு கொக்கி இல்லாத 1912-ஐ நீங்க எடுத்துக்கோங்க தம்பி