மறு: 'ஸ்டார்ட் ஆகல' – ஒரு சொல் போதுமா?

வணக்கம்.

> ஸ்டார்ட் = தொடக்கம். ஸ்டார்ட்டர் = தொடக்கி. இதில் பேச ஒன்றுமில்லை, அடுத்த சொல்லுக்குப் போவோம்.

மேலே இப்படி எழுதிய கோலாலம்பூர் செந்தூல் அண்ணன் மன்னிக்கணும், இங்கே கொஞ்சம் நின்றுதான் போகவேண்டும். நாம் தயாரிப்பது அகராதி இல்லை, பட்டறையில் வேலை பழகும் பையன்களுக்கான பழுது கண்டறியும் தாள். முதல் பக்கமே "பிக்கப் ஸ்டார்ட் ஆகவில்லை" என்பதுதான். அந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. 'தொடக்கம்' என்று எழுதினால் இரண்டும் ஒன்றாகவே கிடக்கும்.

ரவாங் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து போன் வருகிறது: "ஃபோர்வீல் ஸ்டார்ட் ஆகல, வாங்க." சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றவே இல்லையா, 'கிர்ர்ர்' என்று நன்றாகச் சுற்றியும் ஓட மறுக்கிறதா? கேட்காமல் கெப்போங்கிலிருந்து பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போனால், அங்கே டீசல் ஃபில்டரில் தண்ணீர் நிற்கும். பேட்டரி திரும்பி வரும், பெட்ரோல் காசு வராது.

சுற்றவில்லை என்றால் தேடல் மின்சாரப் பக்கம். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும், 12.2 என்றால் பாதி தீர்ந்துவிட்டது. ஆனால் ஓய்வில் பார்ப்பது மட்டும் போதாது, சாவியைத் திருப்பும்போது மீட்டரைப் பார்க்கவேண்டும். 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரிதான் முதல் சந்தேகம். 'டக்டக்டக்' என்று அடுக்கடுக்காகத் தட்டினால் பெரும்பாலும் மின்சாரம் போதவில்லை. ஒரே ஒரு 'டக்' கேட்டு அடங்கினால் ஸ்டார்ட்டரின் சொலனாய்டு (மின்காந்தச் சுவிட்ச்), கார்பன் பிரஷ், எர்த் கேபிள் என்று போகலாம். சத்தமே இல்லையா? ஆட்டோ கியரை 'N' (நியூட்ரல்) நிலையில் வைத்து ஒரு தடவை திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்; கியரில் இருக்கும்போது ஸ்டார்ட்டரைத் தடுக்கும் கியர் சுவிட்ச் வேலையும் அதிலே தெரிந்துவிடும்.

நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஓடவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிட்டு எரிபொருள் பக்கம் வரவேண்டும். டேங்கில் டீசல் இருக்கிறதா (சிரிக்காதீர்கள்), ஃபில்டர் மாற்றியபோது குழாய்க்குள் காற்று புகுந்ததா, கைபம்ப்பை அழுத்தினால் இறுகுகிறதா, டேஷ்போர்டில் சாவி விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறதா. சில வண்டிகளில் இம்மொபிலைசர் (சாவியை அடையாளம் காணும் திருட்டுத் தடுப்பு) ஸ்டார்ட்டரையே நிறுத்திவிடும், சிலவற்றில் சுற்றவிட்டு டீசலை மட்டும் தடுக்கும். குளிரில் டீசல் எரிய உதவும் சூடேற்றியான குளோ பிளக்கைக் கடைசியில் பார்த்தால் போதும். கோலாலம்பூர் வெயிலுக்கு அது ஐரோப்பாக்காரன் கவலை.

ஆக, தாளின் முதல் கேள்வியிலேயே பாதை பிரிகிறது. பிரிக்கும் சொல் நம்மிடம் வேண்டும். தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள்: "செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆகல." 1912-இல் கேடிலாக் காரில் பொறியாளர் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் வரும்வரை முன்னால் நின்று ஹேண்டில் போட்டுத்தான் சுற்றினார்கள், அப்புறம் வந்த 'செல்ஃப் ஸ்டார்ட்டர்' தேய்ந்து அங்கே 'செல்ஃப்' ஆனது. நம் மலேசியாவில் அந்தச் சொல் ஊன்றவில்லை. மலாய் மொழியில் படித்து வரும் பையனுக்கு ஸ்டார்ட்டரைக் குறிக்கும் 'பெங்ஹிடுப்' தெரியும். ஹிடுப் என்றால் உயிரோடிருப்பது. அதை வைத்துத்தான் பினாங்குத் தம்பி 'உயிர்ப்பி' என்றார். கேட்க அழகு. ஆனால் மலாய்ச் சொல்லும் இரண்டையும் ஒன்றாகத்தான் மூடுகிறது.

> முதல் நிலைக்கு 'முடுக்கல்', இரண்டாவதற்குப் 'பொறியேற்றம்' எப்படி?

முடுக்கல், கடிகாரச் சாவியை முடுக்குவதுபோல, பொருள் சரியாக விழுகிறது. ஆனால் பள்ளிப் புத்தகம் முடுக்கத்தை வேகமாற்றத்துக்கு எடுத்துக்கொண்டது, முடுக்கி என்றால் பையன் எண்ணெய் மிதியை (ஆக்சிலரேட்டரை) மிதிப்பான். பொறியேற்றம் கூடவே கூடாது. நம் பட்டறைக்கு வரும் ஹைலக்ஸ், டிமேக்ஸ், டிரைட்டன் பெரும்பாலும் டீசல். டீசலில் பொறி (ஸ்பார்க்) எங்கே? காற்றை இறுக்கி அழுத்தும் சூட்டிலேயே எண்ணெய் எரிகிறது. இந்தப் பெயரைக் கேட்டவன் ஸ்பார்க் பிளக்கைத் தேடி அலைவான்.

நானும் 'பற்றுதல்' வைக்கலாமா என்று யோசித்தேன். "இன்ஜின் பற்றியது" என்று வாடிக்கையாளரிடம் சொன்னால் போம்பாவுக்கு (தீயணைப்புத் துறைக்கு) போன் போடுவார். 'பிடித்தல்' பேச்சில் இருக்கிறது, ஆனால் "இன்ஜின் பிடிச்சிருச்சு" என்றால் ஜாம் ஆனது என்றும் பொருள். நேர் எதிர்.

என் பரிந்துரை: ஸ்டார்ட்டர் சுற்றுவது 'சுழற்றல்'. இன்ஜின் தானாக ஓடத் தொடங்குவது 'தன்னோட்டம்'. "சுழல்கிறது, தன்னோட்டம் வரவில்லை." முதல் சொல் மொட்டையாக இருக்கிறது என்பீர்கள், இருக்கட்டும், கிரீஸ் கையோடு சொல்லும் சொல் அது. கூடவே 'சுழற்றல் வேகம்' இலவசமாகக் கிடைக்கிறது. மெதுவாகச் சுழன்றால் டீசலில் அழுத்தச் சூடு போதாமல் தன்னோட்டம் வராது, மூல நோய் மின்சாரப் பக்கத்திலேயே இருக்கும். இந்த நடுநிலையைச் சொல்ல 'தொடக்க'த்தில் வழியே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வண்டிகள் மூழ்கினவே, அப்படிப்பட்ட வண்டிக்கான எச்சரிக்கையும் தாளில் வரப்போகிறது. "ஸ்டார்ட் ஆகிறதா பார்க்காதே" என்றால் நம் ஆள் "ஆகாது, சும்மா திருப்பிப் பார்த்தேன்" என்பான். சிலிண்டருக்குள் போன தண்ணீர் காற்றுபோல் அமுங்காது, பிஸ்டனை இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். அங்கே எழுதவேண்டியது "சுழற்றாதே" என்பதுதான்.

ஸ்டார்ட்டர் மோட்டாரை அப்படியே விட்டுவிடலாம். 'சுழற்றி' என்று வைத்தால் 'சுழலி'யோடு குழம்பும், கடையில் பொருள் வாங்கவும் உதவாது.

மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை தாள் அச்சுக்குப் போகிறது. சொலனாய்டுக்கு யாராவது இரண்டசையில் ஒரு சொல் தந்தால் நல்லது; 'மின்காந்த இழுவைச் சுருள்' பெட்டிக்குள் அடங்கவில்லை.